சமநிலத்தை அளந்த வரலாறு

மலையின் உயரத்தை அளந்தவர்களை உலகம் போற்றுகின்றது. சமநிலத்தின் உயரத்தை அளந்தவர்களை உலகம் அறிவதில்லை. வானளாவி நிற்கும் சிகரம் கண்ணைக் கவர்கின்றது. காலடியில் கிடக்கும் வயல்வெளியோ எவர் வியப்பையும் கோருவதில்லை. ஆயினும், மாந்தரின் வாழ்வும் தாழ்வும் சிகரங்களில் இல்லை; சமவெளிகளிலேதான் உள்ளன. ஊர்களும் நகரங்களும் துறைமுகங்களும் நெல் வயல்களும் அமைந்திருப்பது அங்கேதான்.

1856 ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் நேப்பாளமும் சீனாவும் இணைந்து வெளியிட்ட அளவு 8,848.86 மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 29,032 அடி. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சற்றேறக்குறைய 9 மீட்டர். அந்த வேறுபாட்டால் எந்தக் குடும்பமும் வீடிழக்கவில்லை. எந்தக் கழனியும் நீரில் மூழ்கவில்லை. ஆனால், ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த ஒரு சமவெளியின் உயரத்தில் 2 மீட்டர் பிழை நேருமாயின், கோடிக்கணக்கானோரின் எதிர்காலமே தவறாகக் கணிக்கப்பட்டுவிடும். இது வெறும் கற்பனையன்று. அண்மைக் காலத்தில் உண்மையாகவே நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சிக்கு வருமுன், மனிதன் சமநிலத்தை அளக்கக் கற்ற வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

நீரே முதல் மட்டக்கோல்

நடவுக்கு முன் வயலில் நீரைத் தேக்கிப் பரம்படிக்கும் உழவன், எந்த நூலையும் கல்லாமலே ஓர் உண்மையை அறிந்திருந்தான். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் நிலம் உண்மையில் சமமன்று. அதன் மேட்டையும் பள்ளத்தையும் நீர் ஒன்றே காட்டிக்கொடுக்கும். நீர் தேங்கிய இடம் பள்ளம். மண் தலைகாட்டும் இடம் மேடு. நில அளவை என்னும் பெருங்கலையின் அடிப்படை இதுவே. பிற்காலத்தில் வந்த ரசமட்டக் கருவியும் இந்த உண்மையையே கண்ணாடிக் குழாய்க்குள் அடக்கிக்கொண்டது.

உயரம் என்று சொன்னால், எங்கிருந்து உயரம் என்ற வினா உடனே எழும். அதற்கு மனிதன் கண்ட விடை கடல் மட்டம். கடலோடு ஓயாது போராடிய ஒல்லாந்தர்களே இதில் முன்னோடிகள். 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரின் மேயராக விளங்கிய யோகான்னஸ் ஹுட்டே, நகரின் நீர்வாயில்களில் மட்டக் கற்களைப் பதிக்கச் செய்தார். கணித அறிஞருமான அவர் தொடங்கிவைத்த அந்த மட்டமே பின்னாளில் நாடு முழுவதற்கும் உரிய அடிப்படை மட்டமாக வளர்ந்தது. இன்று நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. அளவை தவறினால் வாழ்வே தவறும் என்பதை அந்நாட்டினர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இந்தியாவில் 1802 ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தம் அடிக்கோட்டை அளந்தார். அங்கிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட முக்கோண அளவை, பல்லாண்டுகளுக்குப் பின் இமயத்தை எட்டியது. குன்றுகள் நிறைந்த தென்னாட்டில் அப்பணி ஓரளவு எளிதாக இருந்தது. குன்றின் உச்சியிலிருந்து குன்றின் உச்சியைக் காண முடிந்தது. கங்கைச் சமவெளியை அடைந்தபோதுதான் இடர்ப்பாடு பெரிதாயிற்று. அங்குக் குன்றுகள் இல்லை. மரங்களும் தூசியும் பார்வையை மறைத்தன. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், ஏறக்குறைய 50 அடி உயரமுள்ள கோபுரங்களைக் கட்டி, அவற்றின் மேலிருந்து அளக்க நேர்ந்தது. மலையை அளப்பதினும் சமவெளியை அளப்பது கடினம் என்ற பாடத்தை அக்கோபுரங்கள் உணர்த்தின.

சமநிலத்தின் நுண்ணிய ஏற்றத்தாழ்வை அறிய முக்கோண அளவை போதாது. ஆகவே 1858 ஆம் ஆண்டு தொடங்கி, ரசமட்டக் கருவியையும் அளவுகோல்களையும் சுமந்துகொண்டு அளவையாளர்கள் நாடெங்கும் நடந்தனர். கருவியை நடுவே நிறுத்தி, முன்னே ஒரு கோலும் பின்னே ஒரு கோலும் வைத்து, வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, மீண்டும் கருவியைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இந்த வேலை பலமுறை நடைபெறும். கடலோரத்தில் நிறுவப்பட்ட ஒன்பது ஓத அளவை நிலையங்கள் அவ்வுயரங்களுக்கு அடிப்படையாயின. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றுள் அடங்கும்.

மலாயாவிலும் இதே முறைதான் பின்பற்றப்பட்டது. சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் 1911, 1912 ஆம் ஆண்டுகளில் சில திங்கள் ஓதத்தை அளந்து ஒரு கடல் மட்டம் வரையறுக்கப்பட்டது. நெடுங்காலம் தீபகற்பத்தின் உயரங்கள் யாவும் அதிலிருந்தே கணக்கிடப்பட்டன. பின்னர், கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அதே இடத்தில், 1984 முதல் 1993 வரை பத்தாண்டு அளவைகளைக் கொண்டு புதிய மட்டம் நிறுவப்பட்டது.

இம்முறை மிக நுட்பமானது. ஆனால் மிக மெதுவானது. பாதையோரத்தில் கற்களைப் பதிக்கலாம். சதுப்பு நிலத்தின் நடுவிலும் அலையாத்திக் காட்டின் உள்ளேயும் கோலை நட்டு அளப்பது எளிதன்று. எனவே, உலகின் தாழ்நிலங்களில் பெரும்பகுதி அளக்கப்படாமலே கிடந்தது. செல்வ நாடுகள் தம் நிலத்தை அளந்துகொண்டன; ஏழை நாடுகளின் கழிமுகங்கள் வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாகவே நின்றன.

பதினொரு நாளில் ஓர் உலகப் படம்

2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் நாள் அமெரிக்காவின் எண்டெவர் விண்ணோடம் வானில் ஏறியது. அதன் நோக்கம் நிலவுலகின் மேடு பள்ளங்களை ரேடார் அலைகளால் படம் பிடிப்பது. நாசாவுடன் ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளின் விண்வெளி நிறுவனங்களும் இப்பணியில் பங்கேற்றன. விண்ணோடத்தில் ஒரு ரேடார் அலைவாங்கி இருந்தது. அங்கிருந்து 60 மீட்டர் நீளத்திற்கு ஒரு கம்பம் விண்வெளியில் நீட்டப்பட்டு, அதன் முனையில் மற்றோர் அலைவாங்கி வைக்கப்பட்டது.

இரண்டு எதற்கு என்ற வினா எழலாம். மனிதனுக்கு இரு கண்கள் இருப்பதால்தான் பொருளின் தொலைவை உணர முடிகின்றது. அதைப் போலவே, நிலத்திலிருந்து திரும்பும் ஒரே ரேடார் அலை இரு அலைவாங்கிகளையும் மிகச் சிறிய வேறுபாட்டோடு வந்தடைகின்றது. அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டால் நிலத்தின் உயரம் கிடைக்கின்றது. ரேடாருக்கு இரவும் பகலும் ஒன்றே. மேகமும் அதற்குத் தடையன்று. ஆண்டு முழுதும் முகில் மூடிக் கிடக்கும் வெப்பமண்டல நாடுகளுக்கு இது பெரும்பேறாக அமைந்தது.

பதினொரு நாளில் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு அளக்கப்பட்டது. வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை உள்ள நிலம் அனைத்தும் அதில் அடங்கியது. அளவையாளர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தும் முடிக்க இயலாத பணி, இரு வாரத்திற்குள் முடிந்தது. அப்படத்தை உலகிலுள்ள ஆய்வாளர் எவரும் விலையின்றிப் பயன்படுத்த முடிந்தது. வெள்ளத் தடுப்புத் திட்டங்களும் கடல் மட்ட உயர்வு பற்றிய ஆய்வுகளும் அதனையே நம்பி எழுந்தன.

இங்கேதான் ஒரு பெரும் பிழைக்கு வழி பிறந்தது. அப்படம் தவறானது என்று சொல்வதற்கில்லை. அதற்கு வகுக்கப்பட்ட இலக்கே, பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். அதனினும் சிறப்பாகவே அது அமைந்தது. மலைநாட்டுக்கு அந்த அளவு போதுமானது. சமநிலத்திற்கோ அது சிறிதும் போதாது. முதலாவதாக, அந்த ரேடார் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். அடர்ந்த காட்டின் இலைகளைத் துளைத்து முழுமையாக மண்ணை எட்ட அதனால் இயலாது. மரத்தின் உச்சிக்கும் தரைக்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தையே அது நிலம் என்று பதிந்தது. நகரங்களில் கூரைகளின் உயரமும் அவ்வாறே நிலத்தின் உயரத்தோடு கலந்தது. இரண்டாவதாக, உயரங்கள் முழு மீட்டர்களாகவே குறிக்கப்பட்டன. ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள ஒரு வெளியை முழு மீட்டர் கணக்கில் குறித்தால் எஞ்சுவது என்ன? நிலத்தின் ஏற்றத்தாழ்வைவிடக் கருவியின் பிழை பெரிதாகிவிடுகின்றது.

பின்னர், 2007, 2010 ஆம் ஆண்டுகளில் ஏவப்பட்ட இரு ஜெர்மானியச் செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பறந்து, 2016 ஆம் ஆண்டளவில் இன்னும் நுட்பமான ரேடார்ப் படத்தை நிறைவு செய்தன. பிழை குறைந்தது, ஆனால் மரத்தையும் கூரையையும் நிலமாகக் கொள்ளும் குறை முற்றும் நீங்கவில்லை.

ஒளியால் அளந்த கதை

ரேடார் தவறிய இடத்தில் லேசர் கைகொடுத்தது. அதன் தத்துவம் எளிது. ஒளிக்கீற்றைக் கீழே செலுத்துவது. அது நிலத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவது. ஒரு வினாடியை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால், அதில் ஒரு கூறு நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்லும். போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், அந்நேரம் 15 சென்டிமீட்டர் உயரத்தைக் குறிக்கும். ஆகவே நேரத்தை எத்துணை நுட்பமாக அளக்கின்றோமோ அத்துணை நுட்பமாக உயரமும் கிடைக்கும்.

விண்வெளியில் இக்கருவி முதலில் பணியாற்றியது பூமியை அளக்க அன்று. 1971 ஆம் ஆண்டு அப்போலோ 15 விண்கலம் நிலவைச் சுற்றி வந்தபோது லேசரால் அதன் உயரங்களை அளந்தது. 1990 களின் இறுதியில் செவ்வாய்க் கோளைச் சுற்றிய மற்றொரு கலம், அக்கோளின் வடபகுதி வியக்கத்தக்க அளவு தட்டையானது என்று லேசரால் கண்டறிந்தது. செவ்வாயின் சமவெளியை அறிந்த அளவுக்குக்கூட மனிதன் தன் சொந்தக் கழிமுகங்களை அப்போது அறிந்திருக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

2003 ஆம் ஆண்டு சனவரியில் நாசா ஐஸ்சாட் என்னும் செயற்கைக்கோளை ஏவியது. துருவப் பனிப்பாளங்களை அளப்பதே அதன் முதன்மைப் பணி. அதிலிருந்து வினாடிக்கு 40 முறை லேசர் கீற்று பாய்ந்தது. மூன்று லேசர்களில் முதலாவது, 36 நாட்களிலேயே செயலிழந்தது. அறிவியலார் மனந்தளரவில்லை. எஞ்சிய இரண்டையும் ஆண்டு முழுதும் இயக்காமல், குறிப்பிட்ட காலங்களில் மட்டும் சிக்கனமாக இயக்கி, 2009 வரை பணியைத் தொடர்ந்தனர்.

விண்ணிலிருந்து வரும் அளவு சரியானதுதானா என்று எவ்வாறு சோதிப்பது? அளவுகோலையே அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதற்கு இயற்கையே ஓரிடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தது. தென்னமெரிக்காவின் பொலிவிய நாட்டில் 3,656 மீட்டர் உயரத்தில் சாலார் டி உயூனி என்னும் உப்பு வெளி உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுரக் கிலோமீட்டர். மழைக்காலத்தில் அதன்மேல் நீர் மெல்லிய படலமாகப் பரவி உப்பைக் கரைக்கின்றது. வறண்ட காலத்தில் நீர் வற்றியதும் உப்பு மீண்டும் சமமாகப் படிகின்றது. உழவன் வயலில் செய்வதை இயற்கை அங்கே ஆண்டுதோறும் செய்துவருகின்றது எனலாம்.

2002 ஆம் ஆண்டு செப்டம்பரில், செயற்கைக்கோள் ஏவப்படுமுன்பே, ஆய்வாளர்கள் வாகனங்களில் இடங்காட்டிக் கருவிகளைப் பொருத்தி, அந்த வெண்ணிற வெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி அதன் மேற்பரப்பை அளந்தனர். 50 கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற அப்பரப்பில், மிக உயர்ந்த இடத்திற்கும் மிகத் தாழ்ந்த இடத்திற்கும் உள்ள வேறுபாடு 80 சென்டிமீட்டருக்கும் குறைவே என்று தெரியவந்தது. பின்னர் செயற்கைக்கோள் அவ்விடத்தின் மேலே கடந்தபோது, அதன் அளவும் தரையில் எடுத்த அளவும் சில சென்டிமீட்டர் வேறுபாட்டுக்குள் ஒத்து நின்றன. 600 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த அளவில் ஒரு விரற்கிடை அளவே பிழை என்பது எத்துணைப் பெரிய வெற்றி!

2018 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் ஐஸ்சாட் 2 ஏவப்பட்டது. அது வினாடிக்கு 10,000 முறை பச்சை நிற லேசரைச் செலுத்துமாறு அமைக்கப்பட்டது. அவ்வொளி ஆறு கீற்றுகளாகப் பிரிந்து நிலத்தைத் தொடுகின்றது. வழிநெடுக ஏறத்தாழ 70 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஓர் அளவு கிடைக்கின்றது. ஒரு துடிப்பில் 20 இலட்சம் கோடி ஒளித்துகள்கள் புறப்பட்டாலும், கருவிக்குத் திரும்பி வருபவை ஏறத்தாழ ஒரு டசன் மட்டுமே. அச்சிலவற்றுள்ளும் இலைகளின் இடைவெளி வழியே புகுந்து மண்ணைத் தொட்டுத் திரும்புபவை உண்டு. உச்சியில் பட்டவை மரத்தைக் காட்டுகின்றன. அடியில் பட்டவை நிலத்தைக் காட்டுகின்றன. ரேடாரால் இயலாத வேறுபாட்டை லேசர் இவ்வாறு பகுத்துக் காட்டியது.

எனினும் லேசருக்கும் குறைகள் உள்ளன. மேகம் அதனைத் தடுத்துவிடும். அது நிலத்தைக் கோடு கோடாக அளக்குமேயன்றிப் போர்வை போல் முழுதும் மூடி அளப்பதில்லை. ரேடாரோ முழுதும் மூடுகின்றது. ஆனால் நுட்பம் குறைவு. ஆகவே, லேசர் தரும் சரியான கோடுகளைக் கொண்டு ரேடார்ப் படத்தைத் திருத்துவதும், லேசர் புள்ளிகளைக் கொண்டே தாழ்நிலப் படங்களை வரைவதும் புதிய முறைகளாயின.

மெக்கோங் தந்த பாடம்

வியட்நாமின் தென்கோடியில் மெக்கோங் ஆறு பல கிளைகளாய்ப் பிரிந்து கடலில் கலக்கின்றது. அக்கழிமுகச் சமவெளியின் பரப்பு ஏறத்தாழ 40,000 சதுரக் கிலோமீட்டர். ஒன்றே முக்கால் கோடி அளவிலான மக்கள் அங்கு வாழ்கின்றனர். வியட்நாமின் நெல் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி அம்மண்ணில் விளைகின்றது. விண்ணோட ரேடார்ப் படத்தை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள், அச்சமவெளி கடல் மட்டத்திற்கு மேல் சராசரி 2.6 மீட்டர் உயரமுள்ளது என்று கொண்டிருந்தன. கடல் சில அடி உயர்ந்தாலும் நிலம் தாங்கும், காலம் இன்னும் இருக்கின்றது என்ற எண்ணத்திற்கு அந்த அளவே இடந்தந்தது.

2019 ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் மிண்டர்ஹவுட்டும் அவருடைய குழுவினரும், வியட்நாமில் நிலத்தில் எடுக்கப்பட்ட உயர அளவைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட உண்மை அதிர்ச்சி தருவதாக இருந்தது. சமவெளியின் சராசரி உயரம் 2.6 மீட்டர் அன்று; சுமார் 0.8 மீட்டரே. மரமும் கூரையும் ரேடாரைக் குழப்பியது ஒரு காரணம். மற்றொரு காரணம், உலகப் படத்தின் பூச்சிய மட்டத்தை அவ்வட்டாரத்தின் உண்மையான கடல் மட்டத்தோடு பொருத்திப் பாராமையாகும். கோல் நீளமாக இருந்தும், அதை ஊன்றிய இடம் தவறாகிவிட்டது.

இதற்குமுன் 2017 இல் அதே குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் உணர்த்தியது. நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால், 25 ஆண்டுகளில் அச்சமவெளி சராசரி 18 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தது. மேலே கடல் ஏறுகின்றது. கீழே நிலம் இறங்குகின்றது. ஆதலின் ஒருமுறை அளந்துவிட்டு ஓய்ந்திருக்க இயலாது. மீண்டும் மீண்டும் அளத்தல் வேண்டும்.

மெக்கோங்கில் வெளிப்பட்ட பிழை மெக்கோங்கோடு நின்றுவிடவில்லை. அதே 2019 ஆம் ஆண்டில், ஸ்காட் குல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் ஆகியோர் உலகின் கடலோரங்களுக்குரிய ரேடார் உயரங்களைத் திருத்திக் கணக்கிட்டனர். உயர் ஓத மட்டத்திற்குக் கீழே உள்ள நிலத்தில் வாழ்பவர்கள் 2 கோடியே 80 இலட்சம் பேர் என்பது பழைய படம் தந்த கணக்கு. திருத்திய கணக்கு 11 கோடி. 2021 ஆம் ஆண்டில், ஐஸ்சாட் 2 தந்த லேசர் அளவைகளைக் கொண்டு ஹோயர், வெர்னிம்மன் என்னும் இருவர் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் வாழ்பவர்கள் 26 கோடியே 70 இலட்சம் பேர் என்றும், அத்தகைய நிலத்தில் 62 விழுக்காடு வெப்பமண்டலத்தில் உள்ளது என்றும், அதில் மிகுதியான பரப்பைக் கொண்ட நாடு இந்தோனேசியா என்றும் அவர்கள் கண்டனர். பிறர் கதை போல் இதனைப் படித்துவிட்டு நகர இயலாது. இது மலாக்கா நீரிணையின் அக்கரையில் உள்ள மண்ணின் கதை.

அளவையின் கடமை

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினைகள் இரண்டு. விண்ணில் பறக்கும் கருவி எத்துணை நுட்பமானதாயினும், மண்ணில் நின்று அளக்கும் மனிதனின் தேவை ஒழிந்துவிடவில்லை என்பது ஒன்று. உயூனியின் உப்பு வெளியில் வாகனம் ஓட்டியவர்களும், வியட்நாமின் வயல்களில் கோல் பிடித்தவர்களும் இல்லையெனில், வானத்துக் கருவியின் நிறையும் குறையும் வெளிப்பட்டிருக்கமாட்டா.

மற்றொன்று, ஓர் அளவைப் பயன்படுத்துமுன் அது எதற்காக எடுக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வேண்டும் என்பது. விண்ணோடப் படத்தை வரைந்தவர்கள் அதன் பிழை எல்லையை மறைக்கவில்லை; வெளிப்படையாகவே அறிவித்திருந்தனர். கையில் கிடைத்தது அது ஒன்றே என்பதால், பொருந்தாத இடத்திற்கும் அதனையே பொருத்திப் பார்த்தது உலகம். பொன்னை நிறுக்கும் தராசு வேறு; நெல்லை அளக்கும் மரக்கால் வேறு என்பதை அங்காடியில் உள்ளவர் அறிவர். ஆய்வுக்கூடம் அதனைச் சற்றே மறந்துவிட்டது.

மேட்டு நிலத்தில் வாழ்பவனுக்கு ஒரு மீட்டர் என்பது ஐந்து படிக்கட்டு அல்லது ஆறு படிக்கட்டு. கழிமுகத்தில் வாழ்பவனுக்கோ அதுவே வீடு, வயல், பிள்ளைகளின் எதிர்காலம் அனைத்தும். அந்த ஒரு மீட்டரைச் சரியாக அளந்து சொல்வதுதான் அளவைக் கலை மக்களுக்குச் செய்யும் தொண்டாகும். அன்று வயலில் நீரைத் தேக்கி மட்டம் பார்த்த உழவனின் நோக்கமும், இன்று விண்ணிலிருந்து ஒளியைச் செலுத்தும் அறிவியலாரின் நோக்கமும் ஒன்றே. நீர் வருமுன் நிலத்தை அறிந்துகொள்ள வேண்டும். வந்தபின் அறிந்து பயனில்லை.